எண்ணெய் வழிவிடும் அயனிகள்

மாங்காய் ஊறுகாயைக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, அதன்மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நல்லெண்ணெய் நிற்கும்படி ஊற்றி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். சென்ற கோடையில் எங்கள் வீட்டில் அவ்வாறு வைத்த புட்டியின் உட்சுவரில், எண்ணெய் நிற்கும் பகுதியில், ஒரு கல்லுப்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகக் கண்டேன். கீழே மாங்காய் விட்ட நீரில் கைநிறையப் போட்ட உப்பெல்லாம் ஓரிரவுக்குள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோயிருக்க, மேலே எண்ணெயில் அகப்பட்ட அந்த ஒரு கல் மட்டும் பத்து நாள் கழித்தும் முனை மழுங்காமல், விளிம்பு தேயாமல், போட்டது போட்டபடியே இருந்தது. உப்பு எண்ணெயில் கரையாது என்பதை அடுக்களையில் அறியாதவர் எவருமில்லை. ஆயினும் ஏன் கரையாது என்று கேட்டுப் பார்த்தவர் சிலரே. அந்தக் கேள்வியை விடாமல் தொடர்ந்து போனால், நோயாளியின் குருதியில் ஒளிந்திருக்கும் மருந்தை மின்சாரத்தைக் கொண்டு எண்ணெய்க்குள் இழுத்து வெளியே எடுக்கும் ஒரு நூதன வித்தையில் கொண்டுபோய் விடுகிறது.

உப்புக் கல் என்பது நேர்மின்னூட்டம் கொண்ட சோடியமும் எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடும் மாறிமாறி அடுக்கப்பட்ட ஒரு கட்டடம். எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதே அக்கட்டடத்தின் சுண்ணாம்பும் காரையும். நீரின் மூலக்கூறு, ஒருபுறம் சற்றே நேர்மின் சாயலும் மறுபுறம் சற்றே எதிர்மின் சாயலும் உடையதாய் வளைந்து அமைந்திருப்பதால், சோடியத்தைச் சூழும்போது ஒரு முகத்தையும் குளோரைடைச் சூழும்போது மறுமுகத்தையும் காட்டி, இரண்டுக்கும் இடையே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. எவ்வளவு தளர்த்துகிறது என்பதற்குப் பௌதிகத்தில் ஓர் அளவு உண்டு. வெற்றிடத்தில் இருக்கும் இழுவிசையை நீர் ஏறத்தாழ 78-இல் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. சமையல் எண்ணெயோ 3-இல் ஒரு பங்காக மட்டுமே குறைக்கிறது. இந்த எண்ணுக்கு மின்காப்பு மாறிலி என்று பெயர். பெயர் கடினமாக இருக்கலாம். ஒரு திரவம் தன்னுள் வந்து சேரும் மின்னூட்டத்தை எவ்வளவு தூரம் ஆற்றித் தேற்றுகிறது என்பதற்கான அளவு என்று கொண்டால் போதும். நீர் நன்றாகத் தேற்றுகிறது. எண்ணெய் முகங்கொடுத்தும் பேசுவதில்லை.

கரைந்த பின் உப்பு நீரில் தனித்தனி மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்து திரிகிறது என்று சுவீடன் தேசத்து அர்ரீனியஸ் 1884-இல் தம் பட்ட ஆய்வேட்டில் எழுதியபோது, உப்சாலாப் பல்கலைக்கழகத்துப் பரீட்சகர்கள் அதற்கு மிகக் குறைந்த தரமே அளித்தார்கள். அதே கருத்துக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்துகள்களுக்குப் பெயர் அந்த ஆய்வேட்டுக்கும் அரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. மின்சாரத்தால் ஈர்க்கப்பட்டுக் கரைசலில் நகர்ந்து செல்வனவற்றுக்கு ஒரு சொல் வேண்டும் என்று மைக்கேல் ஃபாரடே, சொல்லாக்கத்தில் வல்லவரான வில்லியம் ஹ்யூவெல்லிடம் யோசனை கேட்டு, 1834-இல் ‘செல்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லாகிய ‘அயான்’ என்பதை ஏற்றுக்கொண்டார். நாம் அதை அயனி என்கிறோம். உத்தராயணம், தட்சிணாயனம் என்னும்போது சூரியனுடைய செலவைக் குறிக்கும் ‘அயனம்’ என்னும் வடசொல்லும், அந்தக் கிரேக்கச் சொல்லும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை. ஆதலால் அயனி என்பது ஒலியால் மட்டுமின்றிப் பொருளாலும் பொருந்தி வந்த சொல். தமிழில் கலைச்சொற்கள் எல்லாம் இப்படி வாய்ப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். அயனி நீரில் செல்லும், எண்ணெயில் செல்லாது. தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியின் வயிற்றில் எண்ணெயை நிரப்பி வைத்திருப்பதற்கு, சூட்டைத் தணிப்பதோடு, மின்சாரம் கம்பிச் சுருளிலிருந்து கம்பிச் சுருளுக்குத் தாவாமல் தடுப்பதும் ஒரு காரணம். ஆகவே இரண்டு நீர்க் கரைசல்களுக்கு நடுவே மெல்லியதோர் எண்ணெய்ப் படலத்தை நிறுத்தினால், அயனிகளுக்கு அது கோட்டைச் சுவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 2006-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஸ்டிக் பெடர்சன்-பியெர்கார்ட், கனூட் ஐனார் ராஸ்முசன் என்ற இரு ரசாயனர்கள், அப்படிப்பட்ட ஒரு படலத்தின் இருபுறமும் மின்சாரத்தைக் கொடுத்து, மருந்து அயனிகளை ஐந்தே நிமிடத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கடத்திக் காட்டினார்கள். மின்சவ்வுப் பிரித்தெடுப்பு என்று நாம் இதற்குப் பெயரிடலாம். எண்ணெய்ப் படலம் இங்கே திரவச் சவ்வு எனப்படுகிறது.

இவ்வளவு சிரமப்பட்டு மருந்தை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பவருக்கு ஓர் எண்ணிக்கையைச் சொல்கிறேன். ஹாலோபெரிடால் என்பது மனநோய்க்குக் கொடுக்கும் பழைய மருந்து. அதை உட்கொள்பவரின் குருதியில் மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் அளவே இருக்கும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. 5 நானோகிராம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு ஹாலோபெரிடால் மூலக்கூறுக்குச் சுமார் ஒரு கோடி சோடியம் அயனிகள் அதே குருதியில் உடன் உலவுகின்றன என்று தெரிகிறது. புரதங்களும் கொழுப்பும் இன்ன பிறவும் வேறு. அளவையும் அடையாளத்தையும் சொல்லும் நிறைநிரல்மானி என்ற கருவி எத்தனை நுட்பமானதானாலும், இந்தக் கும்பலை அப்படியே அதன் வாயில் ஊற்றினால் திணறிப்போகும். எனவே மருந்தைத் தனியே பிரித்து, சுத்தமான கொஞ்ச நீரில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மாதிரியைப் பக்குவப்படுத்தும் வேலை என்பது பெரும்பாலும் இதுதான். சமையலில் காய் நறுக்குவதைப் போல, பேர் வாங்காத வேலை, நேரத்தை விழுங்கும் வேலை.

மருந்து எப்படி அயனியாகிறது என்பதற்கு மீன் கழுவுபவர்களைக் கேட்கலாம். மீனின் வாடைக்குக் காரணமான அமீன் என்னும் காரப்பொருள் மின்னூட்டமற்றது. ஆதலால் எளிதில் ஆவியாகி மூக்கில் ஏறுகிறது. புளியையோ எலுமிச்சையையோ இட்டுப் பிசறியதும், புளிப்பின் அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனியை அமீனில் உள்ள நைட்ரஜன் பற்றிக்கொள்ள, அது நேர்மின்னூட்டம் பெற்று, நீரை விட்டு எழ மாட்டாமல் நீரோடு கழுவப்பட்டுப் போகிறது. ஹாலோபெரிடால், மெதடோன், பெதிடின் முதலிய பல மருந்துகளும் இவ்வினத்து அமீன்களே. புளிப்பான நீரில் அவை அயனிகள். காரநீரில் மின்னூட்டமற்ற மூலக்கூறுகள்.

இந்த இரட்டைச் சுபாவத்தைப் பயன்படுத்தி, ஆஸ்லோவின் அதே இருவர் 1999-இல் வேறொரு முறையை வகுத்திருந்தார்கள். குருதி மாதிரியைக் காரமாக்கினால் மருந்து மின்னூட்டம் இழந்து எண்ணெய்ப் படலத்துக்குள் தானே நழுவும். மறுபுறம் அமில நீரை வைத்தால், அங்கே இறங்கியதும் மின்னூட்டம் பெற்றுத் திரும்பி ஏற முடியாமல் நிற்கும். வாய்க்காலில் மீன் பிடிக்க வைக்கும் பறியும் இப்படித்தான்: உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி கிடையாது. அழகான யுக்தி, ஆனால் மந்தமானது. மூலக்கூறுகள் தம் இயல்பான அலைச்சலினால் மட்டுமே, அதாவது விரவலால் மட்டுமே, படலத்தைக் கடக்க வேண்டியிருந்தமையால், அரைமணியும் ஒரு மணியும் காத்திருக்க நேர்ந்தது. மருந்தை மின்னூட்டம் இழக்கச் செய்து உள்ளே அனுப்புவதற்குப் பதிலாக, இருபுறமும் அமிலமாகவே வைத்து, மின்னூட்டத்தையே கைப்பிடியாகக் கொண்டு இழுத்தால் என்ன என்பதுதான் 2006-இல் அவர்களுக்குத் தோன்றிய எண்ணம்.

அந்தப் பரிசோதனையின் சாதனங்களைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நன்று, ஏனெனில் அவை ஆச்சரியப்படும்படி எளியவை. சேமியாவைவிடச் சற்றுத் தடித்த, உள்ளே புழை கொண்ட ஒரு பிளாஸ்டிக் இழை, பாலிபுரொபிலீனால் ஆனது, உள்விட்டம் 1.2 மில்லிமீட்டர், சுவரின் கனம் 0.2 மில்லிமீட்டர். சுவர் முழுதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். வெண்மையாக இருக்கும் இந்த இழையை எண்ணெயில் ஒரு கணம் தோய்த்து எடுத்தால், துளைகள் எண்ணெயை உறிஞ்சி நிரம்பிக்கொள்ள, இழை வெண்மை மாறி ஒளி கசிய ஆரம்பிக்கும். வடை மடித்துத் தந்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்: துளைகளில் காற்று இருக்கும்வரை ஒளி சிதறுகிறது, காற்றின் இடத்தில் எண்ணெய் புகுந்தால் சிதறல் அடங்குகிறது. மேலே ஒட்டிய எண்ணெயைத் துடைத்துவிட்டால், சுவருக்குள் தங்கிய எண்ணெயே திரவச் சவ்வு. இழையின் புழைக்குள் 30 மைக்ரோலிட்டர் அமில நீர். அது ஏற்கும் கரைசல். இழை அமிழ்ந்திருக்கும் சிறு குப்பியில் 300 மைக்ரோலிட்டர் மாதிரி. புழைக்குள் ஒரு பிளாட்டினக் கம்பி எதிர்மின்வாயாக. வெளியே மாதிரியில் இன்னொன்று நேர்மின்வாயாக. 300 வோல்ட் கொடுத்துக் குப்பியைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஐந்து நிமிடத்தில், எடுத்துக்கொண்ட ஐந்து மருந்துகளில் 70 முதல் 79 சதவீதம் புழைக்குள் சேர்ந்துவிட்டது. பத்தில் ஒரு பங்கு நீரில் அவ்வளவும் குவிந்தமையால், செறிவு ஏழெட்டு மடங்கு கூடியது.

இழுத்தது மின்சாரந்தான் என்பதற்கு என்ன சாட்சி? எல்லாவற்றையும் அப்படியே வைத்து மின்சாரத்தை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் வந்து சேரவில்லை. இருபுறமும் அமிலமாதலால் பழைய பறி வேலை செய்ய வழியில்லை. அடுத்த ஆண்டு, எதிர்மின்னூட்டம் பெறக்கூடிய அமில மருந்துகளை, வலிக்குச் சாப்பிடும் ஐபுப்ரோஃபென் போன்றவற்றை, எடுத்துக்கொண்டு, இருபுறமும் காரமாக்கி, மின்வாய்களை இடம் மாற்றி, எண்ணெயையும் மாற்றியபோது, அவையும் வந்து சேர்ந்தன. இழுப்பின் திசை மின்னூட்டத்தின் குறியைப் பின்பற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

300 வோல்ட் என்பது வீட்டு மின்சாரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் அது எங்கே விழுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாசன வாய்க்காலில் மதகை இறக்கி வைத்தால், மேற்புறத்து நீர் சமமாக நிற்கிறது, கீழ்ப்புறத்து நீரும் சமமாக நிற்கிறது, மட்ட வித்தியாசம் அத்தனையும் மதகுப் பலகையின் இரண்டு அங்குலக் கனத்துக்குள்ளே அடங்கிவிடுகிறது. அதேபோல, இருபுறத்து அமில நீரும் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், வோல்ட் ஏறத்தாழ முழுவதும் 0.2 மில்லிமீட்டர் எண்ணெய்ச் சுவருக்குள் விழுகிறது. மீட்டர்க் கணக்கில் பார்த்தால் அது 15 லட்சம் வோல்ட்; காற்றில் தீப்பொறி பறப்பதற்கு வேண்டியதில் பாதி. மருந்து அயனி எண்ணெய்க்குள் காலெடுத்து வைத்ததும் இந்தச் சரிவில் நிற்கிறது.

சரிவு இருந்தாலும் அயனி கல்லைப் போல நேராக உருண்டு வருவதில்லை. எண்ணெயின் மூலக்கூறுகள் நாலாபுறமும் மோதிக்கொண்டே இருக்க, அது தேர்த்திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்ட மனிதனைப் போல முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தள்ளாடுகிறது. ஆனால் கூட்டம் முழுதும் வடம் போகும் பக்கமாக மெல்லச் சாய்ந்து கொண்டிருப்பதால், சிறிது நேரம் கழித்துப் பார்க்கையில் அந்தப் பக்கத்திலேதான் வந்து நிற்கிறான். தள்ளாட்டத்தால் ஏற்படும் விரவலையும், மின்புலத்தால் ஏற்படும் சாய்வையும் ஒன்றாகக் கூட்டி நடையைக் கணக்கிடும் முறையை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியரான வால்தர் நேர்ன்ஸ்டும் மாக்ஸ் பிளாங்கும் வகுத்துத் தந்தார்கள். 2007-இல் ஆஸ்லோ ஆய்வாளர்கள் மின்சவ்வின் போக்கைக் கணித்துப் பார்த்ததும் அந்தச் சமன்பாட்டைக் கொண்டுதான். சாதாரண வெப்பநிலையில் ஓர் அயனியின் தள்ளாட்டத்துக்குள்ள சக்தியை வோல்ட்டில் சொன்னால், ஒரு வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு. இங்கே கொடுத்ததோ 300. படலத்துக்குள் நுழைந்துவிட்ட அயனி பின்னோக்கித் திரும்பி மாதிரிக்கே வந்து சேர்வது நடவாத காரியம்.

நுழைந்துவிட்ட அயனி என்றேன். நுழைவதுதான் கதையின் கஷ்டமான இடம். என் அபிப்பிராயத்தில் சுவையான இடமும் அதுவே. வெறும் மின்னூட்டமும் வெறும் வோல்ட்டும் போதுமென்றால், ஒரு கோடி சோடியமும் முண்டியடித்துக்கொண்டு முதலில் கடந்திருக்க வேண்டும். மின்னோட்டம் முழுவதும் அவற்றின் கையிலேயே போய், மருந்து வெளியே நின்றிருக்க வேண்டும். அப்படி நேரவில்லை என்றால், நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் யாரோ சீட்டுக் கிழிக்கிறார்கள் என்றுதான் பொருள்.

இந்த எல்லையை முதலில் மின்சாரத்தால் சோதித்தவரும் நேர்ன்ஸ்ட்தான். 1902-இல் அவரும் ரீசன்ஃபெல்டும் நீர், பீனால், நீர் என்று மூன்று அடுக்குகளை அமைத்து, நிறமுள்ள உப்புக் கரைசல்களைக் கொண்டு மின்சாரத்தைச் செலுத்தி, எல்லையின் ஓரத்தில் நிறம் நகர்வதைக் கண்ணாலேயே கண்டார்கள். அந்த வேலை வெகுகாலம் தூங்கிக் கிடந்தது. 1970-களில் பிராக் நகரில் கோரிட்டா, சாமெக் ஆகியோர் நீரையும் நைட்ரோபென்சீனையும் எதிரெதிரே நிறுத்தி, எல்லையில் வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றியபோது, ஒவ்வோர் அயனியும் தனக்கென்று உரிய ஒரு வோல்ட் வந்த பிறகே கடக்கத் தொடங்குவதை, மின்னோட்டம் சட்டென்று எழும் இடத்தைக் கொண்டு அறிந்தார்கள். சோடியம் மிகுந்த வற்புறுத்தலுக்குப் பிறகே அசைந்தது. பொட்டாசியம் சற்று எளிது. நைட்ரஜனைச் சுற்றி நான்கு சிறிய கரிமக் கிளைகள் கொண்ட அயனிகள் சிறிய உந்துதலுக்கே இசைந்தன. கிளைகள் நீண்டவையானால், உந்தாமலே நைட்ரோபென்சீனை நாடின. ஒரே அளவு மின்னூட்டம் உடையவைதாம் இவை அனைத்தும்.

வித்தியாசம் மின்னூட்டத்தின் அளவில் இல்லாமல், அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதில் இருக்கிறது. சோடியம் மிகச் சிறிய கோளம். தன் மின்னூட்டம் முழுவதையும் ஒரு சிறு பரப்பில் குவித்து வைத்திருப்பதால், நீர் மூலக்கூறுகள் அதை இறுக்கமாகப் போர்த்திக்கொள்கின்றன. எண்ணெய்க்குள் போவதானால் அந்தப் போர்வையைக் கழற்றிப் போட வேண்டும். ஈடாக எண்ணெய் ஒன்றும் தருவதில்லை. இந்த நஷ்டத்தை, அயனியை மின்னூட்டப்பட்ட கோளமாகவும் திரவத்தை மின்காப்பு மாறிலி உடைய வெறும் பரப்பாகவும் பாவித்து, மாக்ஸ் போர்ன் 1920-இல் கணக்கிட்டுக் காட்டினார்: கோளம் சிறுக்கச் சிறுக்க நஷ்டம் பெருகுகிறது. ஹாலோபெரிடாலோ, கரிமவளையங்களும் சங்கிலிகளும் கொண்ட பெரிய எண்ணெய்ச் சுபாவமுள்ள உடம்பில், ஒரு மூலையில் நைட்ரஜன்மேல் ஒற்றை மின்னூட்டம் தாங்கியது. நீருக்குள் அதன் உடம்பு வேண்டாத விருந்தாளி. எண்ணெய்க்குள் அதன் மின்னூட்டம் வேண்டாத விருந்தாளி. இவ்விரு சங்கடங்களுக்கும் நடுவே தராசு ஏறத்தாழச் சமமாக நிற்கையில், மின்சாரம் ஒரு விரலால் அழுத்தினாலும் தட்டு எண்ணெய்ப் பக்கம் தாழ்ந்துவிடுகிறது. சோடியத்தின் தராசை அதே விரலால் அசைக்க முடியாது.

எண்ணெய் என்று இதுவரை பொதுவாகச் சொல்லி வந்தேன். நல்லெண்ணெயோ மின்மாற்றி எண்ணெயோ இதற்கு உதவாது. ஆஸ்லோவில் பயன்பட்டது 2-நைட்ரோபீனைல் ஆக்டைல் ஈதர் என்ற மஞ்சள் திரவம். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். பிராக் நகரத்து நைட்ரோபென்சீனுக்கு எட்டுக் கரிம நீளமுள்ள ஒரு வாலைக் கட்டிவிட்டால் கிடைப்பதுதான் இது. வால் இருப்பதால் நீரில் கரைந்து ஒழுகாது, ஆவியாகியும் போகாது. இதன் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 24. நீரின் 78-க்கும் நல்லெண்ணெயின் 3-க்கும் இடையே உள்ள இந்த எண்தான், ஓரளவு தேற்றும், அளவுக்கு மீறித் தேற்றாது என்ற அதன் நடுத்தரக் குணத்தைச் சொல்கிறது. மேலும் நைட்ரோ தொகுதியிலுள்ள ஆக்சிஜன்கள், மருந்தின் நேர்மின் நைட்ரஜனுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தோள் கொடுக்கின்றன. எதிர்மின் மருந்துகளுக்கு ஆல்கஹால் வகையைச் சேர்ந்த நீண்ட சங்கிலித் திரவங்கள் ஏற்றனவாய் இருப்பது இதன் மறுபக்கம்: அங்கே ஆல்கஹாலின் ஹைட்ரஜன் அந்தத் தோளைக் கொடுக்கிறது. நீரை அதிகம் விரும்பும் மருந்துகளுக்கு இதுவும் போதாதபோது, எண்ணெயில் ஒரு பாஸ்ஃபேட் அமிலத்தைக் கலப்பார்கள். கொழுத்த இரண்டு வால்கள் கொண்ட அது, எல்லையிலே மருந்தைக் கைப்பிடித்து ஏற்றி, அக்கரையில் அமில நீரைக் கண்டதும் கையை விட்டுவிடும் ஓடக்காரனாக வேலை செய்கிறது. குருதியின் புரதங்கள் உடம்பிலும் பெரியவை, நீரையும் விடாதவை. ஆகவே அவற்றுக்கு எல்லையிலேயே தடை.

இடையூறுகள் இல்லாமல் இல்லை. எண்ணெயை மிக விரும்பும் மருந்து, அக்கரைக்கு இறங்க மனமின்றிச் சவ்விலேயே தங்கிவிடும். மாதிரி, சவ்வு, ஏற்கும் கரைசல் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்து கூட்டிப் பார்க்கும்போது காணாமற்போன பங்கு சவ்வுக்குள் அகப்படுகிறது. மின்வாய்களின் சேட்டை வேறு. மின்சாரம் நீரைப் பிளப்பதால், புழைக்குள் இருக்கும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுவதோடு, அதைச் சுற்றிய நீர் சிறிது சிறிதாகக் காரமாகிக்கொண்டே வருகிறது. அமிலம் அடியோடு தீர்ந்துபோனால் உள்ளே வந்த மருந்து மின்னூட்டம் இழந்து, எண்ணெய்ச் சுபாவம் மேலோங்கி, வந்த வழியே சவ்வுக்குள் திரும்பிவிடும். பாடுபட்டுக் கொண்டுவந்த மாட்டைக் கொட்டிலில் கட்டாமல் விட்ட கதைதான். ஆதலால் மின்னோட்டம் 50 மைக்ரோ ஆம்பியருக்கு மேற்படாதபடி பார்த்துக்கொள்வது வழக்கம். கைவிளக்கின் சிறு பல்பு எடுத்துக்கொள்வது இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. அயனிகளை அனுமதிக்க மறுக்கும் எண்ணெயே மின்னோட்டத்தையும் அடக்கி வைக்கிறது. சவ்வு மிகவும் தாராளமாகிவிட்டால் அயனிகள் கும்பலாகக் கடந்து, மின்னோட்டம் ஏறி, வேலை கெட்டுவிடும்.

300 வோல்ட்தான் வேண்டும் என்பதுமில்லை. ஏற்ற எண்ணெய் கிடைத்தால் சரிவு சிறிதாயினும் போதும் என்பதை அதே ஆஸ்லோ குழுவினர் 2010-இல், கடையில் வாங்கும் 9 வோல்ட் பாட்டரி ஒன்றைக் கொண்டு நிரூபித்தார்கள். பக்குவம் செய்யாத குருதிப் பிளாஸ்மாவில் சில துளிகளை எடுத்து, குலுக்காமலே ஒரு நிமிடம் மின்சாரம் கொடுத்து, மருந்தில் ஒரு சிறு பங்கை மட்டும் இழுத்தெடுத்தார்கள். எப்போதும் ஒரே பங்கு வருமானால் மொத்தத்தைக் கணித்துவிடலாம் அல்லவா?

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும்; இந்த விஷயத்தைப் படித்துக்கொண்டு வந்தபோது என்னை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் செய்தது அதுதான். நைட்ரோ திரவங்களுக்கு மாற்றாக 2021-இல் ஆஸ்லோ ஆய்வாளர்கள் பரீட்சித்த திரவச் சவ்வுகளில் ஒன்று, தைமாலும் கூமரினும் கலந்தது. இரண்டுமே அறைச்சூட்டில் திண்மங்கள்; தைமால் 50 பாகை செல்சியஸ் அளவிலும் கூமரின் 70 பாகையிலும் உருகுபவை. சேர்த்து வைத்தாலோ, ஒன்றின் ஹைட்ரஜனை மற்றதன் ஆக்சிஜன் பற்றிக்கொள்வதால், இரண்டும் தத்தம் படிக ஒழுங்கில் மீண்டும் நிற்க முடியாமல் திரவமாகின்றன. அதே ஹைட்ரஜன் கைகள் மருந்து அயனிகளுக்கும் தோள் கொடுக்கின்றன. கற்பூரத்தையும் மென்தாலையும்கூட இவ்வாறு சோதித்திருக்கிறார்கள். தைமால் என்பது நம் ஓம உப்பு. மென்தால் என்பது புதினா உப்பு. எங்கள் தெரு நாட்டுமருந்துக் கடையில் இவ்விரண்டையும் பச்சைக் கற்பூரத்தையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். ஒன்றாகக் கட்டினால் பொட்டலம் நனைந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியே கொடுப்பார். வீட்டுக்கு வந்து மூன்றையும் ஒரு சிறு குப்பியில் போட்டு மூடி குலுக்கினால், தீயும் நீருமின்றித் தலைவலித் தைலம் தயார்.

அன்று மாலை அப்படியே மூன்றையும் வாங்கிவந்து குப்பியில் போட்டேன். படிகங்கள் ஓரம் ஓரமாக ஈரம் பூத்து, ஒன்றையொன்று சாய்ந்து, கால்மணி நேரத்தில் கண்ணெரியும் வாசனையுள்ள தெளிந்த திரவமாகிவிட்டன. ஊறுகாய்ப் புட்டியின் நினைவு வந்தது. அடுக்களையிலிருந்து ஒரு கல்லுப்பை எடுத்துவந்து அதற்குள் போட்டு, மூடி, ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். ஒரு வாரமாயிற்று. தைலம் பாதி தீர்ந்துவிட்டது; உப்பு அடியில் அப்படியே இருக்கிறது, முனை மழுங்காமல்.